பேச்சுக்கு முன் பழக்க வேண்டியவை

மனிதரோடு பல நூற்றாண்டுகளாகப் பழகிவந்தாலும், நாயையும் மாட்டையும் கோழியையும் போலக் கிளி வீட்டு விலங்காக மாறிவிடவில்லை என்பதைப் பெருங்கிளி வளர்ப்பைப் பற்றிப் பேசுவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். வீட்டு விலங்காதல் என்பது, ஓர் உயிரினத்தை மனிதர் தம் தேவைக்கேற்பத் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்து பெருக்கி, அதன் அச்சத்தையும் உடலமைப்பையும் இயல்பையும் மெல்ல மாற்றிவிடும் நெடிய நிகழ்வாகும். நாய்க்கு இது நிகழ்ந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று வளர்ப்புப் பறவைக் கடையில் விற்கப்படும் பஞ்சவர்ணக்கிளிக் குஞ்சோ, தென்னமெரிக்கக் காட்டில் பறந்த தன் மூதாதையரிடமிருந்து பெரும்பாலும் சில தலைமுறைகளே விலகி நிற்கிறது. ஆகவே அதைப் பழக்குவது என்பது, அடங்கிய விலங்குக்குக் கட்டளை கற்பிக்கும் செயலாக இருப்பதில்லை. காட்டுப் பறவை ஒன்று மனிதக் குடும்பத்தைத் தன் கூட்டமாக ஏற்றுக்கொள்ளும்படி அன்றாடம் நடக்கும் பேரமாகவே அது இருக்கிறது. இந்தப் பேரத்தில் கிளி பேசுவது கடைசியில் வருவது, பல வேளைகளில் வராமலே போவது. ஆனால் வாங்குவோர் பெரும்பாலோர் அதையே முதலில் கேட்கிறார்கள்.

தென்காசி மாவட்டத்தில், செங்கோட்டைக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பண்பொழி, கிளியையும் மனிதரையும் ஒருசேர வைத்து எண்ணிப்பார்க்கப் பொருத்தமான ஊராகும். கழுத்தில் செந்நிற வளையம் அணிந்த சாதாரணப் பச்சைக்கிளிகள், காலையில் வயலுக்கும் தோப்புக்கும் இரைச்சலோடு இறங்கி மாலையில் அடையும் மரத்துக்குத் திரும்புவதை இங்கே எவரும் காணலாம்; மலைக்காடுகளுக்குள் போனால் நீலச் சிறகுடைய மலபார்க் கிளியும் உண்டு. முற்றிய நெற்கதிரையும் கொய்யாவையும் கொத்திக் கெடுக்கும் கிளி உழவருக்குத் திருடன்தான். ஊரின் அடையாளமாக நிற்கும் திருமலைக் குன்றின்மேல், 600க்கும் மேற்பட்ட படிகளுக்கு அப்பால் கோயில் கொண்டிருக்கும் குமாரசுவாமியின் காதற்கதையே, தினைப்புனத்தில் பரண்மீது நின்று கவண்கல் எறிந்து கிளி ஓட்டிய வள்ளியிடம்தான் தொடங்குகிறது. சற்றுத் தெற்கே மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சியிலோ, சிங்கன் என்னும் குறவன் பறவை பிடிப்பதையே தொழிலாகக் கொண்டு, நூவன் என்னும் துணையாளோடு கண்ணி வைத்துக் காத்திருக்கிறான். கிளியை விரட்டியவர்களும் பறவையைப் பிடித்தவர்களும் இந்த மலையடிவாரத்தின் இலக்கியத்திலேயே அருகருகே இருக்கிறார்கள்.

கோயில்களில் கிளி பெற்ற இடம் வேறு வகையானது. மதுரை மீனாட்சி கோயிலின் கிளிக்கூட்டு மண்டபத்தில் ஒரு காலத்தில் உண்மையான கிளிகளே கூண்டுகளில் வளர்க்கப்பட்டு, அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கப்பட்டன. திருவண்ணாமலையின் கிளி கோபுரமோ, அருணகிரிநாதர் கிளி உருவெடுத்ததாகச் சொல்லப்படும் கதையைத் தாங்கி நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் அமரும் கிளி நாள்தோறும் இலையாலும் பூவாலும் புதிதாகக் கட்டப்படுகிறது. அதற்குக் கூண்டும் வேண்டாம், இறகு வெட்டவும் வேண்டாம் என்பதால், கிளியைப் போற்றுவதற்குத் தமிழர் கண்ட வழிகளுள் குற்றமற்றது இதுவே என்று கொள்ளலாம்.

பழக்கும் கலை என்ற அளவில் தமிழ்நாட்டில் மிகத் தேர்ந்த கிளிகள் கோயிலுக்கு வெளியே, சோதிடரின் கூண்டில்தான் இருந்தன. கூண்டின் கதவு திறக்கப்பட்டதும் கிளி வெளியே நடந்துவந்து, அடுக்கி வைத்த சீட்டுகளை ஒவ்வொன்றாக அலகால் இழுத்துத் தள்ளி, ஒன்றை மட்டும் சோதிடரின் கையில் கொடுத்து, ஒரு நெல்மணியைப் பெற்றுக்கொண்டு, தானாகவே கூண்டுக்குள் திரும்பிவிடுகிறது. உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1938இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்த செயல்விளைவுப் பயிற்சி இதுவேதான்: ஓர் உயிர் செய்யும் செயலை அடுத்து அதற்கு விருப்பமான ஒன்று கிடைத்தால், அந்தச் செயல் மீண்டும் நிகழ்வது மிகும்; கிடைக்காவிட்டால் குறையும். பல சிறு செயல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, முடிவில் மட்டும் பரிசு தருவதைச் சங்கிலிப் பயிற்சி என்பார்கள். அந்தப் பாடப்புத்தகத்தின் பக்கத்தைக்கூடப் பார்த்திராத தெருவோரச் சோதிடர்கள் அதை ஒரு நெல்மணியால் சாதித்துவிட்டார்கள் என்பது வியப்புக்குரியதே. ஆயினும் பறந்து போகாதபடி சிறகு வெட்டப்பட்ட, உள்ளே திரும்பக்கூட இடமில்லாத மரக்கூண்டில் அடைக்கப்பட்ட பறவைக்கு அந்த நெல்மணியை மறுக்கும் உரிமை இருந்ததா என்ற கேள்வி எஞ்சுகிறது; பெருங்கிளிப் பயிற்சியின் சிக்கல் முழுவதும் அந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

சட்டம் இந்தக் கேள்விக்குத் தன் போக்கில் விடை சொல்லிவிட்டது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1991இல் அதில் செய்யப்பட்ட திருத்தமும் இந்தியக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் தடுத்தன. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வடிவத்தில், நம் பச்சைக்கிளிகள் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றிருக்கின்றன. அதாவது, தென்னை மரத்திலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்தாலும், சந்தையில் வாங்கினாலும், யாரோ அன்பளிப்பாகத் தந்தாலும், வீட்டில் வைத்திருப்பது குற்றமே. 2023இல் சென்னையில் நடிகர் ரோபோ சங்கர் வீட்டிலிருந்து இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறை மீட்டு, இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்தபோதுதான், கிளி வளர்ப்பது குற்றம் என்பதே பலருக்குத் தெரியவந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் பரப்புரையின்போது கடலூர்த் தொகுதியின் பா.ம.க. வேட்பாளரான இயக்குநர் தங்கர் பச்சானுக்கு வெற்றி என்று சீட்டு எடுத்துக் கொடுத்த கிளியும், அதன் சோதிடரும் வனத்துறையிடம் சிக்கினார்கள். அதைச் சுற்றி எழுந்த அரசியல் கூச்சலில், தெருவோர ஏழை ஒருவரிடம் மட்டும் சட்டம் இவ்வளவு விரைந்து பாய்வதேன் என்ற கேள்வி நியாயமானதாகவே ஒலித்தது. சட்டத்தின் நோக்கம் அதனால் தவறாகிவிடாது.

இந்த நிலையில், வீட்டில் வளர்க்கத்தக்க பெருங்கிளி என்று இந்தியாவில் சொல்லக்கூடியவை வெளிநாட்டு இனங்களே: மக்காவ் எனப்படும் பஞ்சவர்ணக்கிளிகள், தலையில் விரியும் கொண்டையுடைய காக்கட்டூக்கள், சிவந்த வாலுடைய ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, அமேசான் கிளிகள். இவற்றை வைத்திருப்போர், 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, பரிவேஷ் என்னும் அரசு இணையவாயிலில் பதிவு செய்து, தலைமை வன உயிரினக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பறவை கைமாறினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும்கூட அதையும் பதிய வேண்டும். அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குசெய்யும் சைட்டீஸ் உடன்படிக்கை, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை 2016இல் மிகக் கடுமையான முதற் பட்டியலுக்கு உயர்த்தியது. மேற்கு, நடு ஆப்பிரிக்கக் காடுகளிலிருந்து அவை கூட்டங்கூட்டமாகப் பிடிக்கப்பட்டதே அதற்குக் காரணம். சிங்கனின் கண்ணி ஊர் மாறிக் கடல் கடந்து வைக்கப்படாதிருக்க, வாங்கும் பறவையின் காலில் வளையமும் கையில் ஆவணமும் உண்டா என்று பார்ப்பதே குறைந்தபட்சக் கடமை.

இனிப் பேச்சைப் பற்றி. கிளி ஏன் பேசுகிறது என்பதற்குக் காட்டிலேயே விடை இருக்கிறது. கூட்டமாக வாழும் கிளிகள் தம்முள் அடையாளக் குரல்களால் ஒன்றையொன்று அழைத்துக்கொள்கின்றன. வெனிசுவேலாவில் சிறு கிளியினம் ஒன்றைக் கவனித்த ஆய்வாளர்கள், பெற்றோர் ஒவ்வொரு குஞ்சுக்கும் ஏறக்குறையப் பெயர் போன்ற ஓர் ஒலியை வழங்குவதையும், குஞ்சு அதைத் திருத்திக்கொண்டு வாழ்நாள் முழுவதும் பயன்படுத்துவதையும் 2011இல் வெளியிட்டார்கள். தன் இனத்தாரில்லாத வீட்டில் வளரும் கிளி, அந்த வீட்டார் ஒருவரையொருவர் அழைக்கும் ஒலியையே தன் கூட்டத்தின் குரலாக எடுத்துக்கொள்கிறது. தமிழ் வீடுகளில் கிளிகள் “அக்கா, அக்கா” என்று முதலில் சொல்வதற்கு, அந்தச் சொல்லைச் சிறுபிள்ளைகள் நாள் முழுவதும் உரக்கக் கூவி, அதற்கு உடனே மறுமொழி கிடைப்பதே காரணமாகலாம். யாரும் மறுமொழி தராத சுலோகத்தைப் பதிவுக்கருவியில் நாள் முழுவதும் ஓடவிட்டாலும் பெரும்பாலான கிளிகள் பொருட்படுத்துவதில்லை.

இதை ஆய்வுக்கூடத்தில் மிகத் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்க அறிவியலாளர் ஐரின் பெப்பர்பெர்க். 1977இல் சிக்காகோவின் ஒரு கடையில் வாங்கப்பட்ட அலெக்ஸ் என்னும் சாம்பல் கிளியோடு, 2007இல் அது இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் அவர் உழைத்தார். அவர் கையாண்ட முறைக்கு முன்மாதிரி–போட்டியாளர் முறை என்று பெயர்: கிளியின் கண்ணெதிரே இரண்டு மனிதர் அமர்ந்து, ஒருவர் ஒரு பொருளைக் காட்டிப் பெயர் கேட்க, மற்றவர் சரியாகச் சொன்னால் அந்தப் பொருளையே பெற்றுக்கொள்வார், தவறாகச் சொன்னால் பொருள் மறைந்துவிடும். தானும் அந்தப் பொருளுக்கு ஆசைப்படும் கிளி, போட்டியில் புகுந்து சொல்லைக் கற்றது. இங்கே பரிசாகக் கிடைப்பது வேறெங்கிருந்தோ வரும் தின்பண்டமன்று, சொன்ன பொருளேதான். அதனால் சொல்லும் பொருளும் ஒட்டிக்கொண்டன. அலெக்ஸ் சுமார் 50 பொருள்களையும் ஏழு நிறங்களையும் ஐந்து வடிவங்களையும் பெயர் சொல்லிப் பிரித்தறிந்தது, ஆறு வரை எண்ணியது. “சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை” என்று இகழ்ச்சியாகச் சொல்லிவந்த வழக்கை இந்த ஒரு பறவை வெகுவாக அசைத்துவிட்டது. எனினும் அலெக்ஸுக்கு நாள்தோறும் எட்டுப் பத்து மணிநேரம் மனிதத் துணை இருந்தது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். வேலைக்குப் போய் இரவில் திரும்பும் வீட்டில் அந்த விளைவை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

பேச்சுக்கு முன்னால் பழக்க வேண்டியது, கிளி தன் விருப்பத்தால் கையில் ஏறுவதும், விருப்பமில்லையென்றால் ஏறாமல் இருப்பதும் ஆகும். இரண்டாவது பகுதியையும் பழக்க வேண்டுமா என்று வியப்போர் உண்டு. உண்மையில் கடிப்பதைத் தவிர வேறு வழியில் “வேண்டாம்” என்று சொல்லக் கிளிக்கு இடம் தராத வீடுகளில்தான் கடி மிகுகிறது. தொடக்கத்தில் கையை முற்றிலும் விலக்கி வைத்துவிட்டு, சாப்பாட்டுக் குச்சியளவு உள்ள ஒரு கோலைக் கூண்டின் கம்பிகளுக்கு வெளியே, கிளியின் அலகுக்கு ஒரு சாண் தொலைவில் அசையாமல் பிடிக்க வேண்டும். ஆர்வமுள்ள உயிராதலால் கிளி கழுத்தை நீட்டி அதைத் தொட்டுப் பார்க்கும். தொட்ட அந்த நொடியிலேயே நாக்கால் ஒரு சொடுக்கு ஒலி எழுப்பி, ஒரு சூரியகாந்தி விதையைத் தர வேண்டும். ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர், மரியன் பிரீலண்ட் இணையர் பழக்கத்துக்குக் கொண்டுவந்த இந்தச் சொடுக்கொலி, “இந்தச் செயலுக்குத்தான் பரிசு” என்று காலத்தைத் துல்லியமாகக் குறிக்கும் அடையாளம். விதை கைக்கு வந்து சேர்வதற்குள் கிளி வேறொரு செயலுக்குப் போய்விட்டாலும், எதற்காகப் பரிசு என்பதில் அதற்குக் குழப்பம் வராது. கோலைப் பின்தொடர்ந்து ஓர் அடி நடக்கவும், திரும்பவும், மரக்கிளையொன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவும் கற்ற பிறகே கைக்கு வேலை வருகிறது. சூரியகாந்தி விதை அன்றாட உணவுக் கிண்ணத்திலேயே நிறையக் கிடந்தால் இந்தப் பயிற்சி எதுவும் நடக்காது. அதற்காகக் கிளியைப் பட்டினி போடுவது வேறு, மிக விரும்பும் ஒன்றைப் பயிற்சி வேளைக்கென்று ஒதுக்கி வைப்பது வேறு.

கையில் ஏற்றும் கட்டத்தில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். முன்கையைக் கிளியின் வயிற்றுக்குக் கீழே, கால்களுக்குச் சற்று மேலே நேராக நீட்டியதும், அது முதலில் காலைத் தூக்குவதில்லை, அலகைத்தான் நீட்டுகிறது. மரத்தில் ஏறும்போது அலகை மூன்றாவது காலாகப் பயன்படுத்தும் பறவையாதலால், தான் மிதிக்கப் போகும் கிளை தன் எடையைத் தாங்குமா என்று அலகால் பற்றிச் சோதிப்பது அதன் வழக்கம். கொட்டையை உடைக்கும் அந்தப் பெரிய அலகு தோலைத் தொட்டவுடனே மனிதர் அஞ்சிக் கையை இழுத்துக்கொள்கிறார்கள். கிளிக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்றே: இந்தக் கிளை நம்பத்தகாதது, இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அடுத்த முறை அது இறுக்கிப் பிடிக்க, கடிக்கும் கிளி என்ற பெயர் அதற்கு நிலைத்துவிடுகிறது. கையை அசைக்காமல் அலகின் சோதனையை முடிக்கவிட்டால், இரண்டு விரல் முன்னும் இரண்டு விரல் பின்னுமாக அமைந்த அதன் பாதம் பெரும்பாலும் தானாகவே மேலே வரும்.

உண்மையான கடிக்கு முன்னால் கிளி பல முறை எச்சரிக்கிறது. கண்ணின் பாவை சட்டெனச் சுருங்கியும் விரிந்தும் துடிப்பது, பிடரி இறகுகள் சிலிர்ப்பது, வால் விசிறியாக விரிவது, அல்லது நேர்மாறாக உடல் ஒட்டி மெலிந்து பின்னோக்கிச் சாய்வது ஆகியவை அந்த எச்சரிக்கைகள். கண்துடிப்பு மகிழ்ச்சியின் உச்சத்திலும் வருமாதலால், மற்றக் குறிகளோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். இவற்றுள் எதைக் கண்டாலும் கையை அமைதியாக விலக்கிக்கொள்வது தோல்வியாகாது. சாய்ந்தாலே கை விலகிவிடும் என்று தெரிந்த கிளிக்குக் கடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. கடித்த கிளியின் அலகில் சுண்டுவதும், கூண்டைக் குலுக்குவதும், முகத்தில் ஊதுவதும் ஊர்தோறும் வழங்கும் வைத்தியங்கள். அவை அச்சத்தை வளர்ப்பதன்றி வேறெதையும் கற்பிப்பதில்லை.

கூச்சல் அடுத்த வழக்கு. விடியலிலும் அந்தியிலும் பத்துப் பதினைந்து நிமிடம் உரக்கக் கத்துவது கிளிக்கு உயிரியல் கடமை. பண்பொழித் தோப்புகளில் பச்சைக்கிளிகள் செய்வதையே ஓட்டுவீட்டின் தாழ்வாரத்தில் இருக்கும் மக்காவும் செய்கிறது, குரல்தான் ஒரு தெருவுக்குக் கேட்கிறது. இதை நிறுத்த முயல்வது வீண். நாள் முழுவதும் நீளும் கத்தலோ பெரும்பாலும் வீட்டார் அறியாமல் கற்பித்தது: மனிதர் அறையை விட்டுப் போனதும் கிளி அழைக்கிறது, மறுமொழி இல்லை, இன்னும் உரக்க அழைக்கிறது, யாரேனும் ஓடிவந்து “கத்தாதே” என்று அதட்டுகிறார்கள். கிளியைப் பொறுத்தவரை அதட்டலும் வருகைதான். மாற்றுவழி, மெல்லிய ஒரு சீழ்க்கையைக் கூட்ட அழைப்பாக நிறுவி, கிளி அந்த ஒலியை எழுப்பும்போதெல்லாம் சமையலறையிலிருந்தாவது உடனே பதில் தருவதும், கத்தலுக்கு மட்டும் பதில் தராதிருப்பதும் ஆகும். பதில் நின்ற முதல் சில நாள்களில் கத்தல் முன்னிலும் பெருகும் என்பதை எதிர்பார்க்க வேண்டும். பழைய செயலுக்குப் பலன் நின்றதும் உயிர்கள் அதையே மும்முரமாகச் செய்துபார்ப்பது இயல்பு. அந்தப் பெருக்கத்தின் நடுவே பொறுமையிழந்து ஓடிப்போனால், இவ்வளவு உரக்கக் கத்தினால்தான் பலன் என்று பாடம் பதிந்துவிடும். கிளிகளுக்குத் துணை எவ்வளவு தேவை என்பதற்கு 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வும் சான்று: மணியடித்துவிட்டுத் திரையில் படத்தைத் தொட்டு மற்றக் கிளிகளைக் காணொளியில் அழைக்க, 18 வளர்ப்புக் கிளிகளுக்கு அதில் கற்றுக்கொடுத்தார்கள், பல கிளிகள் அதைத் தாமாகவே நாடின.

தென்காசி வட்டாரத்தின் தட்பவெப்பம் இப்பறவைகளுக்கு ஒரு வகையில் வாய்ப்பானதும் மற்றொரு வகையில் இடர் மிகுந்ததும் ஆகும். ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலாகத் தூவும் காலத்தில், மழைக்காட்டில் தோன்றிய மக்காவும் அமேசான் கிளியும் சிறகை விரித்துத் தலைகீழாகத் தொங்கி அந்தத் தூவானத்தில் குளிக்கின்றன. சென்னையிலோ மதுரையிலோ தெளிப்பான் கொண்டு செய்ய வேண்டியதை இங்கே வானமே செய்துவிடுகிறது. ஆனால் அதே ஈரத்தில் நிலக்கடலையும் மக்காச்சோளமும் கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சை பிடிக்கின்றன. ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் நுண்விதைகள் கிளியின் நுரையீரலிலும் காற்றுப்பைகளிலும் வேர்கொண்டால் மீட்பது மிகக் கடினம். அதன் சில இனங்கள் சுரக்கும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். சாரல் காலத்தில் தோலோடு கூடிய வேர்க்கடலையை முற்றிலும் நிறுத்திவிடுவதும், தானியத்தை வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்கிக் காற்றுப் புகாத கலத்தில் வைப்பதும் நலம். காற்றுப்பை என்பது பறவை உடலெங்கும் பரவிய மெல்லிய உறை. மூச்சுக்காற்றை ஒரே திசையில் நுரையீரல் வழியே செலுத்திப் பறத்தலுக்கு வேண்டிய உயிர்வளியைத் தருவது அதுவே. இத்தனை திறம்பட மூச்செடுக்கும் உடல் நஞ்சையும் அதே திறத்தோடு எடுத்துக்கொள்கிறது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, கொசுவத்திச் சுருள், விறகடுப்புப் புகை ஆகியவற்றிலிருந்து கூண்டைத் தள்ளி வைக்க வேண்டும். ஒட்டாத பூச்சுடைய தோசைக்கல் அளவுமீறிக் காய்ந்தால் எழும் ஆவி, மனிதருக்கு மணம்கூடத் தெரியாத அளவிலேயே கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

உணவைப் பொறுத்தவரை, நெல்லும் பச்சைமிளகாயும் கொடுத்தால் கிளி நன்றாகப் பேசும் என்ற நம்பிக்கை இன்றும் இருக்கிறது. மிளகாயின் காரத்தைப் பறவைகளின் நரம்பு உணர்வதில்லை என்பதால் அது விரும்பித் தின்கிறது, அவ்வளவே. மிளகாயில் உயிர்ச்சத்து இருப்பதால் தீங்குமில்லை. வெறும் தானியத்தில் வாழும் கிளிக்கு ஏ உயிர்ச்சத்துக் குறைந்து மூக்கும் தொண்டையும் புண்படும், கொழுப்பு மிக்க சூரியகாந்தியிலேயே வாழ்வது ஈரல் வீங்கிச் சாகும். முருங்கைக்கீரை, பப்பாளி, பூசணி, முளைகட்டிய பயறு, கோவைப்பழம் என்று நம் தோட்டமே மருந்துக்கடையாக இருக்கிறது. பட்டர் ஃப்ரூட், சாக்லேட், காபி மூன்றும் நஞ்சு. கேரளத்திலிருந்து சாலை வழியே இறங்கும் பட்டர் ஃப்ரூட்டை அன்போடு நீட்டும் விருந்தினரைத் தடுத்தே ஆக வேண்டும். தெருவோர வாதாமரத்தின் காய் பஞ்சவர்ணக்கிளிக்கு அருமையான வேலை. கோஸ்டாரிகாவின் கடற்கரைகளில் காட்டு மக்காவ்கள் நாடிவந்து உடைப்பதும் இதே மரத்தின் கொட்டைகளைத்தான். ஒன்றை உரித்து, உடைத்து, உள்ளேயிருக்கும் சிறு பருப்பை எடுக்க அதற்கு ஆகும் நேரமெல்லாம் தன் இறகைத் தானே பிடுங்காத நேரமாகும். கொய்யா, வேம்புக் கிளைகளைத் தாராளமாகக் கடிக்கத் தரலாம், அரளியைக் கூண்டருகே நடக்கூடாது. புதிய துத்தநாகப் பூச்சுக் கம்பிவலையை அப்படியே கூண்டாக்கினால், அதைச் சுரண்டித் தின்னும் கிளிக்கு உலோக நஞ்சேறும். வாசலில் தொங்கும் கூண்டை இவ்வட்டாரத்து நாட்டுக் குரங்குகளும் இரவில் மரநாயும் சும்மா விடுவதில்லை.

பெருங்கிளி நூறாண்டு வாழும் என்பது மிகைதான். உயிரியல் பூங்காப் பதிவுகளை வைத்து 2022இல் செய்த கணக்கீட்டில், செந்நிற மக்காவின் சராசரி வாழ்நாள் ஏறக்குறைய 30 ஆண்டுகள் என்று தெரியவந்தது. ஆனால் சராசரியைத் தாண்டும் பறவைகளும் உண்டு. சிக்காகோ அருகே புரூக்ஃபீல்டு பூங்காவில் குக்கி என்ற காக்கட்டூ 83 வயதில், 2016இல்தான் இறந்தது. ஐம்பது வயதில் குஞ்சு வாங்குபவர், தமக்குப் பின் அது யாரிடம் போகும் என்பதை வாங்கும்போதே எழுதி வைப்பது நல்லது. பதிவுச் சான்றிதழில் பெயர் மாற்றம் செய்யவும் அது உதவும். ஒருவரிடம் மட்டுமே ஒட்டிக்கொண்ட கிளி அவரை இழந்ததும் உணவை மறுப்பதும் இறகைப் பிடுங்குவதும் பலமுறை பதிவாகியிருப்பதால், குஞ்சுப் பருவத்திலிருந்தே வீட்டில் எல்லோர் கையிலும் ஏறப் பழக்குவது அந்தப் பறவைக்குச் செய்யும் காப்பீடு.

வைத்துக்கொள்ளாமலே கிளியோடு வாழ முடியும் என்பதற்குச் சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்துவந்த சேகர் எடுத்துக்காட்டு. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் மொட்டைமாடிக்கு வந்த சில பச்சைக்கிளிகளுக்கு ஊறவைத்த அரிசி வைக்கத் தொடங்கி, ஆயிரக்கணக்கான கிளிகள் நாளுக்கு இருமுறை வந்துபோகும் நிலைக்கு அதைக் கொண்டுவந்தார். பண்பொழி போன்ற ஊரில், தோப்பும் வயலும் சூழ்ந்த வீட்டின் மொட்டைமாடிக்கு இது இன்னும் எளிது. பக்கத்து வயல்காரர் மட்டும் மனம் ஒப்ப வேண்டும்.

வளர்ப்பதென்றே முடிவு செய்தவருக்குப் பயிற்சியின் மிகப் பயனுள்ள கூறு, வித்தை எதுவுமில்லாத ஒன்று: சமையலறை மின்தராசின்மேல் கிளி தானாக ஏறி நிற்கப் பழக்குவது. காட்டில் நோயுற்ற பறவையைத்தான் கொன்றுண்ணிகள் முதலில் குறிவைக்குமாதலால், கிளி தன் நோயை இயன்றவரை மறைக்கிறது. இறகைச் சிலிர்த்துக் கூண்டின் அடியில் உட்காரும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. அதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். கோலைக் காட்டித் தராசுக்கு அழைத்து, சொடுக்கி, விதை கொடுத்து, காலையில் உணவுக்கு முன் எண்ணைக் குறித்துவைத்தால், 1,000 கிராம் மக்காவ் 900ஐ நோக்கி இறங்குவது ஏட்டிலேயே தெரிந்துவிடும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்கக் கூடாது. பறவை மருத்துவம் தெரிந்தவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. தென்காசிப் பக்கத்தவர் நாடக்கூடியது திருநெல்வேலி ராமையன்பட்டியிலுள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி. காற்றோட்டமுள்ள, மேலே துணி போர்த்திய சிறு பெட்டியில், மார்பை இறுக்கிப் பிடிக்காமல் கொண்டுபோக வேண்டும். பறவைக்கு உதரவிதானம் இல்லாததால் மார்புக்கூடு அசைந்தால்தான் மூச்சு. மனிதருக்கும் தொற்றிக் காய்ச்சலும் நிமோனியாவும் தரக்கூடிய சிட்டகோசிஸ் என்னும் கிளிநோயை மருத்துவர் முதலில் சந்தேகிப்பார் என்பதால், வீட்டில் யாருக்கேனும் இருமல் இருந்தால் அதையும் அவரிடம் சொல்ல வேண்டும், தங்கள் மருத்துவரிடம் கிளி இருப்பதையும் சொல்ல வேண்டும்.